பக்கவாதம் மூளையில், மருத்துவர் முழங்காலைத் தட்டுவது எதற்கு?

கேள்வி ஒரு வீட்டிலிருந்து வந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் தேர்வுக்காக உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள்: அனிச்சைச் செயல்களைக் கட்டுப்படுத்துவது தண்டுவடம், மூளை அல்ல. அதே மாதத்தில் அவளுடைய தாத்தாவுக்குப் பக்கவாதம். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைப்பு. வலக் கையும் வலக் காலும் விழுந்துவிட்டன. நரம்பியல் மருத்துவர் வந்து ரப்பர் சுத்தியலால் முழங்கால், கணுக்கால், முழங்கை என்று இரு பக்கமும் தட்டிப் பார்த்தார். சாவியின் முனையால் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தார். “கோளாறு மூளையில் இருக்கிறது, அனிச்சை தண்டுவடத்தில் நடக்கிறது. பிறகு எதற்காக முழங்காலைத் தட்டுகிறார்?” என்று மகள் கேட்டாளாம். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் கேட்கிறீர்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்தேன். இந்த முரண்பாட்டை இத்தனை நேராகச் சுட்டிக் கேட்டவர்கள் என் வகுப்புகளிலேயே சிலர்தான். உங்கள் மகள் படித்தது தவறு அல்ல; ஆனால் அது கதையின் முதல் பாதி. சுத்தியலைக் கையில் எடுக்கும் மருத்துவர் இரண்டாம் பாதியைத்தான் தேடுகிறார். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் முழங்கால். உயரமான நாற்காலியிலோ கட்டிலின் விளிம்பிலோ உட்கார்ந்து காலைத் தொங்கவிடச் சொல்லுங்கள். முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே விரலால் அழுத்தினால் கயிறு போல ஒரு பட்டை தட்டுப்படும். தொடையின் முன்பக்கத்துப் பெரிய தசையைக் கீழ்க்கால் எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் அது. உள்ளங்கையின் ஓரத்தால் அங்கே ஒரு தட்டுத் தட்டினால் கால் முன்னால் துள்ளும். தட்டிய இடத்தில் வலித்ததால் துள்ளியது என்றே பலரும் நினைக்கிறார்கள். வலிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நாணைத் தட்டும்போது அது உள்ளே குழிகிறது. அதனால் தொடைத் தசை ஒரு நூலளவு நீள்கிறது. தசைக்குள்ளே, நார்களுக்கு இடையில், நூல் சுற்றிய கதிர் போன்ற வடிவில் மிகச் சிறிய உறுப்புகள் இருக்கின்றன. தசைக்கதிர்கள் என்பார்கள். தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று ஓயாமல் அளப்பது அவற்றின் வேலை. திடீரென்று நீண்டதும் அவை செய்தி அனுப்புகின்றன.

அந்தச் செய்தி செல்லும் நரம்பிழை உடலிலேயே மிகத் தடித்த, மிக வேகமான வகையைச் சேர்ந்தது. நொடிக்கு ஏறத்தாழ அறுபது, எழுபது மீட்டர் வேகத்தில் அது தண்டுவடத்தின் இடுப்புப் பகுதிக்குள் நுழைகிறது. அங்கே அதற்கு இடைத்தரகர் யாரும் இல்லை. வந்த இழையின் முனை, அதே தொடைத் தசைக்கு ஆணையிடும் இயக்க நரம்புச் செல்லின் மேலேயே போய் முடிகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சினாப்ஸ், அதாவது ஒரு நரம்புச் செல் அடுத்ததற்குச் செய்தியைக் கைமாற்றும் சந்திப்பு. அதைத் தாண்ட ஒரு மில்லி நொடி போதும். ஆணை வந்த வழியே திரும்புகிறது, தசை சுருங்குகிறது, கால் துள்ளுகிறது. தட்டியதிலிருந்து தசையில் மின்துடிப்பு தோன்றுவது வரை சுமார் 20 மில்லி நொடி. கண் இமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு குறைவு. கால் துள்ளத் தொடங்கிய பிறகுதான் தட்டியதையே நாம் உணர்கிறோம்.

இன்னொன்றும் அதே கணத்தில் நடக்கிறது, வெளியே தெரியாமல். தொடையின் பின்பக்கத்துத் தசைகள் காலை மடக்குபவை. முன்தசை நீட்டப் பார்க்கும்போது பின்தசை மடக்கப் பார்த்தால் கால் எங்கும் போகாது. ஆகவே அதே செய்தியின் ஒரு கிளை, தண்டுவடத்தில் இருக்கும் சிறிய இடை நியூரான் ஒன்றை, அதாவது நடுவில் நின்று இணைக்கும் நரம்புச் செல் ஒன்றை, எழுப்பி, பின்தசையின் நரம்புச் செல்லை அடக்கிவிடுகிறது. இதை நுணுக்கமாக ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன். சினாப்ஸ் என்ற சொல்லை 1897இல் வழக்குக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்; 1932இல் எட்கர் ஏட்ரியனோடு நோபல் பரிசு பெற்றார். நரம்பு மண்டலத்தில் ஒன்றைச் செய்யாமல் இருக்க வைப்பதும் ஒரு செயல்தான் என்று அவர் காட்டியதை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் வியப்போடுதான் சொன்னேன். இந்த ‘அடக்குதல்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் முழங்காலுக்குத் திரும்பும்போது இதுதான் தேவைப்படும்.

முழங்கால் துள்ளலை மருத்துவ உலகுக்கு அறிவித்தவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் எர்ப், கார்ல் வெஸ்ட்ஃபால் இருவரும். தனித்தனியாகக் கவனித்து, 1875இல் ஒரே இதழில் எழுதினார்கள். எர்ப் அதை அனிச்சை என்றார். வெஸ்ட்ஃபால் ஏற்கவில்லை, தட்டுவதால் தசை நேரடியாக அதிர்கிறது, அவ்வளவுதான் என்றார். தண்டுவடம் வரை போய்த் திரும்புவதற்கு நேரம் போதாது என்ற ஐயம் மற்றவர்களுக்கும் நெடுநாள் இருந்தது. வழியில் ஒரே ஒரு சினாப்ஸ்தான் என்று 1943இல் டேவிட் லாய்ட் பூனைகளில் அளந்து காட்டினார்.

முழங்காலுக்குக் கீழே தட்டுவதற்கென்று காட்டில் எந்த விலங்கும் சுத்தியலோடு அலைவதில்லை. பிறகு இந்த ஏற்பாடு நமக்கு எதற்கு? நிற்பதற்கு. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறீர்கள். ஓட்டுநர் பிரேக் போடுகிறார். உடல் முன்னால் சாய்கிறது. கெண்டைக்கால் தசைகள் நீள்கின்றன. நீண்ட அக்கணமே அவை தாமாக இறுகத் தொடங்குகின்றன. அசையாமல் நிற்கும்போதுகூட நம் உடல் சற்றே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. மருத்துவரின் சுத்தியல் அந்த ஓயாத காவலை ஒரு தட்டில் வெளியே இழுத்துக் காட்டுகிறது.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் தமிழ்நாட்டில் ‘அனிச்சை’ என்கிறோம்: இச்சை இல்லாதது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்குத் ‘தெறிவினை’ என்று பெயர். பட்டுத் தெறித்துத் திரும்புவது. மேலை மொழிகளில் இருக்கும் சொல்லின் மூலப்பொருளும் அதுவே. எனக்குத் தெறிவினை என்ற சொல் மிகவும் பிடிக்கும். ஆனால் சுவரில் எறிந்த பந்து தெறிப்பது போன்றதல்ல இது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சுவர் எந்த நேரமும் ஒரே சுவர். தண்டுவடம் அப்படி இல்லை.

வெறுங்காலோடு வரப்பில் நடக்கும்போது நெருஞ்சி முள் குத்துகிறது என்று வையுங்கள். குத்திய கால் மேலே எழுகிறது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் மடங்கினால்தான் கால் எழும். அத்தனை தசைகளுக்கும் ஒரே நேரத்தில் ஆணை போக வேண்டும். இங்கே சினாப்ஸ் ஒன்றல்ல, இடை நியூரான்களின் பெரிய கூட்டமே வேலை செய்கிறது. அது மட்டும் நடந்தால் நாம் விழுந்துவிடுவோம். ஆகவே செய்தி தண்டுவடத்தின் மறுபக்கத்துக்கும் தாண்டுகிறது. மறுகால் விறைத்து நீண்டு உடலின் மொத்த எடையையும் வாங்கிக்கொள்கிறது. முள் குத்தியது ஒரு காலில், உடனே உழைத்தது இரண்டு காலும். இத்தனையும் முடிய ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி. முழங்கால் துள்ளலைவிட மெதுவானதுதான். குத்தலைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை, நொடிக்கு ஐந்து முதல் முப்பது மீட்டர்தான் ஓடும். அவற்றைவிட மெல்லிய, உறையில்லாத இழைகளும் உண்டு. அவை நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடந்தே வருகின்றன. முதலில் சுருக்கென்று ஒன்று, ஒரு நொடி கழித்துக் காந்தலாக இன்னொன்று என்று வலி இரண்டு தவணையாக வருவதன் காரணம் இதுதான்.

இது வரை உங்கள் மகளின் பாடம் முழுவதும் சரி. தண்டுவடம் தனியாகவே இதைச் செய்ய வல்லது என்பதற்குப் பழைய சான்று தவளை. எங்கள் மாணவப் பருவத்தில் முதலாண்டு ஆய்வகத்திலேயே அது இருந்தது. மூளை நீக்கப்பட்ட தவளையின் விலாவில் அமிலம் தோய்த்த சிறு காகிதத்தை ஒட்டினால், பின்னங்கால் எழுந்து குறிபார்த்து அதைத் தட்டிவிடும். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. 1853இல் எடுவார்ட் ஃப்ளூகர் என்ற ஜெர்மானியர் இன்னும் ஒரு படி போனார். தட்டிவிடும் காலை நீக்கிவிட்டால் தவளை சற்றுத் தடுமாறி, மறுகாலைக் கொண்டுவந்து முயலும் என்று காட்டி, தண்டுவடத்துக்கும் உணர்வு உண்டு என்று வாதிட்டார். தத்துவவாதியான ஹெர்மன் லோட்சே அதை மறுத்தார். ஃப்ளூகர் சொன்ன விளக்கம் நிலைக்கவில்லை, அவர் கண்ட காட்சி நிலைத்துவிட்டது. தண்டுவடம் வெறும் கம்பிக் கட்டு அல்ல. இடம் அறிந்து, வழி மாற்றித் தரும் திறமை அதற்கு உண்டு.

இனி இரண்டாம் பாதி. அடுப்படியிலிருந்து தொடங்கலாம். சூடான பாத்திரம் என்று அறியாமல் தொட்டால் கை பறந்து விலகும். அதே பாத்திரத்தில் வீட்டுக்கே போதுமான சாம்பார் இருக்கிறது, துணி நழுவி விரல் சுடுகிறது, பக்கத்தில் குழந்தை தவழ்கிறது. அப்போது எந்தத் தாயின் கையும் பறப்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேடையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் விரலை உதறுவார். சுடுவது ஒன்றுதான், இழைகளும் தண்டுவடமும் மாறவில்லை. மூளை மேலிருந்து இறங்கிவந்து, கையை விலக்கும் சுற்றைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அனிச்சை நடக்கும்போது மூளை ஊரில் இல்லை என்று எண்ணினால் இந்தத் தாயை விளக்கவே முடியாது.

ஆய்வகத்தில் இதை அழகாகப் பிரித்துக் காட்டியவர் பீட்டர் ஹாமண்ட். 1950களில் அவர் செய்த சோதனை இது. ஒருவருடைய முன்கையைக் கருவி ஒன்று திடீரென்று இழுக்கும். மேற்கைத் தசையின் மின்துடிப்பைப் பதிவார்கள். சில முறை “இழுத்தால் எதிர்த்து நில்” என்று முன்கூட்டியே சொல்வார்கள், சில முறை “இழுத்தால் விட்டுவிடு” என்பார்கள். பதிவில் இரண்டு அலை வந்தது. முதல் அலை, தண்டுவடத்தின் நேரடி விடை, எந்த அறிவுரை சொன்னாலும் மாறவில்லை. சுமார் 50 மில்லி நொடியில் வந்த இரண்டாம் அலையோ, எதிர்க்கச் சொன்னபோது ஓங்கியது. விடச் சொன்னபோது ஒடுங்கியது. வேண்டுமென்றே கையை அசைப்பதற்கு அந்த நேரம் போதாது. ஆனாலும் ஒரு நிமிடம் முன்பு காதில் கேட்ட சொல் அந்தத் துடிப்புக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. இச்சையற்றது என்று நாம் பெயரிட்ட ஒன்றின் நடுவில் இச்சை!

அந்த முதல் அலைகூட மூளையின் கைக்கு முழுக்க அப்பாற்பட்டதல்ல. வீட்டிலேயே பார்க்கலாம். முழங்கால் சரியாகத் துள்ளாத ஒருவரிடம், இரு கை விரல்களையும் கொக்கி போல் கோத்து வலுவாக இழுக்கச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் தட்டுங்கள். பெரும்பாலும் கால் நன்றாகத் துள்ளும். ஹங்கேரியின் யென்ட்ராசிக் 1885இல் சொன்ன உத்தி; இன்றும் எல்லா மருத்துவ மாணவரும் கற்பது. இழுப்பது கை, அதற்காக மூளை விடும் கிளர்ச்சி தண்டுவடம் முழுவதும் பரவி, காலின் சுற்றையும் விழிப்பாக்கிவிடுகிறது. வீணையைப் போலத்தான். மீட்டும் விரல் ஒன்றே. முறுக்காணியைத் திருகினால் நரம்பு வேறு சுரம் பேசும். நரம்பு என்ற ஒரே சொல்லைத் தமிழ் இரண்டுக்கும் வைத்திருப்பது எனக்கு வகுப்பில் பெரிய உதவி. தசைக்கதிருக்கு உண்மையிலேயே ஒரு முறுக்காணி இருக்கிறது: அதன் உள்நார்களுக்கென்று தனியாக மெல்லிய இயக்க நரம்புகள் போய், கதிர் எவ்வளவு கூர்மையாக அளக்க வேண்டும் என்று ஏற்றி இறக்குகின்றன.

முறுக்காணியைத் திருகும் கையைத் துண்டித்துவிட்டால் என்ன ஆகும்? இந்த இடத்தில்தான் பாடநூல் வரி தடுமாறுகிறது. மூளைக்குப் பங்கில்லை என்றால், தண்டுவடம் கழுத்திலோ முதுகிலோ அறுபட்ட ஒருவருக்குக் கீழே உள்ள அனிச்சைகள் முன்பு போலவே இருக்க வேண்டும் அல்லவா? அவை முதலில் அடியோடு மறைந்துவிடுகின்றன. முழங்காலைத் தட்டினால் ஒன்றும் இல்லை. தண்டுவட அதிர்ச்சி என்று இதற்குப் பெயர். தவளையில் இந்த நிலை சில நிமிடங்களில் தெளிந்துவிடும். பூனையிலும் நாயிலும் மணிக்கணக்கு ஆகும். மனிதரில் நாட்கள், பல நேரம் வாரங்கள். மேலே மூளை பெருகப் பெருக, கீழே தண்டுவடம் அதன் ஓயாத தூண்டுதலையே நம்பி வாழப் பழகிவிட்டது. பாடநூலின் அந்த வரி தவளைக்குப் பொருந்தும் அளவுக்கு மனிதருக்குப் பொருந்தாது.

வாரங்கள் கழித்து அனிச்சைகள் திரும்பி வரும்போது, மிகையாக வருகின்றன. லேசாகத் தொட்டால் கால் எகிறும். கணுக்காலை வெடுக்கென்று மேலே தள்ளிப் பிடித்தால் பாதம் தொடர்ந்து தாளம் போடும். முன்பு மேலிருந்து இரண்டு வகைச் செய்தி வந்துகொண்டிருந்தது, தூண்டுவதும் அடக்குவதும். அடக்கும் கை போய்விட்டது. தண்டுவடம் தானாகத் தன் கூர்மையை ஏற்றிக்கொண்டது. பக்கவாதத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதே வரிசைதான். அடைப்பு மூளையில், முதல் நாட்களில் கை கால் துவண்டு, அனிச்சையும் மங்கியிருக்கும். பின்னர் அந்தப் பக்கம் இறுகத் தொடங்கும், அனிச்சைகள் துடிப்பாகும். ஷெரிங்டன் 1906இல் வெளியிட்ட தம் நூலில், ‘எளிய அனிச்சை’ என்பது நாம் வசதிக்காக வைத்துக்கொண்ட கற்பனை என்று எழுதினார். நரம்பு மண்டலத்தில் எந்தச் சுற்றும் மற்றவற்றிலிருந்து அறுந்து தனியாக இல்லை என்பது அவர் கருத்து. அனிச்சைகளை ஆராய்வதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர் சொன்னது இது.

ஆகவே மருத்துவரின் ஒரு தட்டில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்பது ஒன்று. தசையிலிருந்து வரும் நரம்போ, தண்டுவடத்தில் அந்த இடமோ, திரும்பும் நரம்போ கெட்டிருந்தால் விடை மங்கும் அல்லது வராது. முதுகு வட்டு பிதுங்கித் தண்டுவடத்தின் கீழ் வேரை அழுத்தினால் கணுக்கால் அனிச்சை மட்டும் போகும். நெடுநாள் சர்க்கரை நோயில் இரு கணுக்காலிலும் குறையும். மேலிருந்து வரும் கை இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. விடை மிகையாக இருந்தால் சுற்று நன்றாக இருக்கிறது, மேலே எங்கோ வழி அறுந்திருக்கிறது என்று பொருள். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாற்றி மாற்றித் தட்டுவது அதற்காகத்தான். இயல்பாகவே துள்ளல் கூடிய மனிதர்கள் உண்டு, குறைந்தவர்களும் உண்டு. ஒரே மனிதரின் இரு பக்கங்களுக்குள் வேறுபாடு இருப்பதுதான் பேசும்.

சாவியின் கோடு இன்னும் அழகானது. பாரிசில் ஜோசப் பாபின்ஸ்கி 1896இல் ஒரு மிகச் சிறிய குறிப்பாக வெளியிட்டது. உள்ளங்காலின் வெளி ஓரத்தில் குதிகாலிலிருந்து மேலே கீறினால் நமக்கு விரல்கள் உள்ளே மடங்கும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் முக்கியப் பாதை பழுதானவருக்குக் கட்டைவிரல் மெல்ல மேலே எழும். மற்ற விரல்கள் விசிறி போல் விரியக்கூடும். மேலே எழுவது புதிதாக முளைத்த ஒன்றல்ல. பிறந்த குழந்தையின் காலில் கீறிப் பாருங்கள், அதே போல எழும். மேலிருந்து வரும் பாதையின் இழைகளுக்கு உறை போர்த்து முடியும் வரை, ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வயது வரை, அது இயல்பு. அதன்பின் அந்த அனிச்சை அழிவதில்லை. அடக்கி வைக்கப்படுகிறது. எழுபது வயதில் ஒரு நாள் அடக்கும் கை தளர்ந்தால், கைக்குழந்தையின் கட்டைவிரல் மீண்டும் எழுகிறது.

இப்படி நம்முள் அடங்கிக் கிடக்கும் குழந்தைப் பருவத்து அனிச்சைகள் வேறும் உண்டு. தலை சற்றே பின்னால் சரிந்தால் குழந்தை இரு கைகளையும் விரித்து, பிறகு தழுவுவது போல் சேர்க்கும். எர்ன்ஸ்ட் மோரோ 1918இல் விளக்கியது. பிள்ளை பயந்துவிட்டது என்று பாட்டிமார் திருநீறு இடும் அந்தத் திடுக்கிடல்தான்; நான்கைந்து மாதங்களில் ஒடுங்கும். கன்னத்தைத் தொட்டால் வாயை அந்தப் பக்கம் திருப்பும். உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றும். இந்தப் பற்றுதல் முன்மூளை சிதையும் முதுமையில் சிலருக்குத் திரும்பி வருகிறது. என் பெரியம்மா கடைசி இரண்டு ஆண்டுகளில் யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. ஒரு மாலை அவர் கையில் என் கையை வைத்தேன். இறுகப் பிடித்தார், நான் இழுக்க இழுக்கப் பிடி கூடியது. “உன்னை அடையாளம் தெரிந்துவிட்டது பார்” என்று வீட்டில் எல்லாரும் அழுதார்கள். அது என்ன அனிச்சை என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை.

பாடத்தில் இன்னொரு சிறு திருத்தமும் தேவை. எல்லா அனிச்சையும் தண்டுவடத்தில் நடப்பதில்லை. கண்ணில் டார்ச் அடித்தால் பாவை சுருங்குகிறது. ஒரு கண்ணில் அடித்தாலும் இரண்டும் சுருங்குகின்றன. அந்தச் சுற்று நடுமூளையில் ஓடுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் மணிக்கொரு முறை டார்ச் அடிப்பது அந்த இடம் நலமா என்று கேட்பதற்காக. இதைப் படித்துக்கொண்டே தலையை இடமும் வலமும் ஆட்டுங்கள், எழுத்து கலையாது. இனித் தலையை அசைக்காமல் கைப்பேசியை அதே வேகத்தில் ஆட்டுங்கள், படிக்க முடியாது. உள்காதிலிருந்து மூளைத்தண்டு வழியாகக் கண் தசைக்குப் போகும் சுற்று, தலை அசைந்த பத்து மில்லி நொடியில் கண்ணை எதிர்த்திசையில் திருப்பிவிடுகிறது. கைப்பேசி ஆடும்போது அதற்கு வேலை இல்லை. படுக்கையிலிருந்து எழும்போது இரத்தம் காலுக்கு இறங்குவதைக் கழுத்துத் தமனியின் அழுத்த உணரிகள் அறிந்து, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளம் வழியாக இதயத்தை விரைவுபடுத்தி, குழாய்களை இறுக்குவதும் அனிச்சைதான். முதியவர்களுக்கும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது தாமதமாகும். இரவில் சிறுநீர் கழிக்க எழுபவர்கள் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும் என்பது இதனால்தான். தாத்தாவுக்கு இதை இன்றிலிருந்தே வழக்கமாக்குங்கள்.

கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்பவர் பாய்ந்து பிடிக்கும் கேட்ச் அனிச்சை அல்ல என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள், தேர்வில் எடுத்துக்காட்டாக எழுதிவிடப் போகிறாள். அது கண் வழியே மூளையின் புறணிக்குப் போய், பல்லாயிரம் முறை பழகிய பயிற்சி வழியே இறங்குவது. அதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும்.

இனித் தாத்தா. மருத்துவர் குறித்துக்கொண்டது இதுவாக இருக்கும்: வலப்பக்கம் அனிச்சை எப்படி, கட்டைவிரல் மேலே எழுகிறதா, பாதை எவ்வளவு பழுதாகியிருக்கிறது. ஸ்கேன் அடைப்பின் இடத்தைக் காட்டும். கைக்கும் காலுக்கும் இறங்கும் பாதை இன்று எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுத்தியல் சொல்லும். வரும் வாரங்களில் வலக் கை முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டப் பார்க்கும், கால் விறைத்து நீளப் பார்க்கும். பாதத்தைத் தரையில் வைக்கும்போது கால் தடதடவென்று ஆடினால், வலிப்பு என்று அஞ்ச வேண்டாம். முன்பு சொன்ன தாளம்தான். குதிகாலைத் தரையில் நன்றாக ஊன்றி எடையை மெல்ல அதன் மேல் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று மிக முக்கியம். தசைக்கதிர் நீளத்தை மட்டும் அல்ல, நீளும் வேகத்தையும் அளக்கிறது என்றேன். அடக்கும் கை இல்லாதபோது, வேகமாக நீட்டினால் தசை வேகமாகவே எதிர்த்து இறுகும். மடங்கிய கையை வெடுக்கென்று இழுத்தால் அது இன்னும் மடங்குவது பிடிவாதத்தால் அல்ல. இழுத்தவரின் வேகத்துக்கு வந்த விடை. பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும்போது அவர் கை எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று பாருங்கள். சட்டை போடும்போது வலக் கையை முதலில் நுழைக்க வேண்டும், இடக் கையைப் பிறகு. முழங்கையின் கீழ் ஒரு கையைத் தாங்கி, மணிக்கட்டை மறுகையால் பிடித்து, இறுகும்போது இழுக்காமல் அங்கேயே நிறுத்திக் காத்திருந்து, தளர்ந்ததும் இன்னும் ஒரு விரற்கடை. ஒரு சட்டைக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பொறுப்பை உங்கள் மகளிடமே கொடுத்துப் பாருங்கள். ஏன் மெதுவாக என்று அந்த வீட்டில் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.